மழை டின்

அத்தியாயம் ஏழு

செவலை கைமாறப் போகும் நாள் இன்றுதான் என்பது அந்த ரப்பர்த் தோட்டத்து லயத்தில் மருதமுத்துவுக்கு மட்டும் தெரியும். மாட்டுக்குத் தெரியாது. அதைத் தான் பெற்ற பிள்ளை போல வளர்த்த அவன் மனைவி இருசம்மாளுக்கும் தெரியாது.

பொழுது விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டபோது அவன் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றான். கங்காணி வீரப்பன் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே, "இருக்கேன்" என்றான்.

"உடம்பு இருக்குது, தெரியுது. ஆள் எங்கேலா போனே?"

கூட்டம் சிரித்தது. கங்காணி கையை உயர்த்தி அடக்கினார்.

"இன்னொரு சேதி. ரப்பர் ஷீட்டு ஏத்துற லோரி இனிமே தினம் வராது. செவ்வாய், சனி மட்டும்தான். ரப்பர் விலை இப்படியே போனா அதுவும் நின்னுடும். லோரியில தொத்திக்கிட்டு மலாக்கா பாசாருக்குப் போற சொகுசெல்லாம் முடிஞ்சுது."

அன்று வியாழக்கிழமை. மருதமுத்துவின் காதில் அது விழுந்தது. மனதில் விழவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்னால் மலாக்காவில் அக்காள் ராமாத்தாளின் மகள் மீனம்மாவுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர். "அஞ்சு தட்டு போதுங்க. கூலியே ஐம்பது காசுல இருந்து முப்பத்தஞ்சுக்கு வந்திருச்சு. மதினி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்று இருசம்மாள் சொன்னாள். அவன் கேட்கவில்லை. மேளத்தோடு பதினொரு தட்டு போயிற்று. பட்டுப்பாவாடை, தேங்காய், பழம், மூன்று தட்டு நிறையச் சர்க்கரை, பதினோராவது தட்டில் வெள்ளிக் கொலுசு.

பணம் ஏது என்று இருசம்மாள் கேட்டதற்கு, "கங்காணி நடத்துற சீட்டு நம்ம பேருக்கு விழுந்துச்சு" என்றான்.

சீட்டு விழவில்லை. செலண்டார் ஊர் மாட்டுத் தரகர் அப்புசாமியிடம் கைநாட்டு வைத்து இருபத்தைந்து வெள்ளி கடன் வாங்கியிருந்தான்; நூறு காசு ஒரு வெள்ளி. மூன்று மாதத்தில் முப்பதாகத் திருப்ப வேண்டும். தவறினால் செவலை அப்புசாமிக்கு. அந்த மூன்று மாதம் இன்று மாலையோடு முடிகிறது. அவன் மடியில் இருந்தது நான்கு வெள்ளி.

நிரையில் ஏழாவது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. பட்டைக்கு உள்ளே வெள்ளையாக மரத்தின் சதை தெரிந்தது. மருதமுத்து கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காயத்தை விரலால் மூடினான். பன்னிரண்டு வருடத்தில் அவன் மரத்துக்குக் காயம் போட்டதில்லை. விரல் இடுக்கில் ரப்பர்ப் பால் வழிந்தது.

பின்னால் வந்த கங்காணி பார்த்துவிட்டார். எழுதினால் அரைநாள் கூலி போகும். அவர் புத்தகத்தைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார்.

"சேத்தை எடுத்து அப்பு. யாரும் பார்க்குறதுக்கு முந்தி அப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. தப்புச் செய்தவனுக்குப் பிறர் காட்டும் இரக்கம் சில நேரம் அடியைவிட வலிக்கிறது.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் மாரியம்மன் கோயில். தினம் நின்று கும்பிடுகிறவன் இன்றும் நின்றான். கை குவியவில்லை. 'இப்பப் போய்ச் சொல்லிடறேன் தாயே' என்று மட்டும் மனதுக்குள் சொன்னான்.

வீட்டின் பின்புறம் கொட்டகையில் இருசம்மாள் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு அஞ்சரை போத்தல்! உங்க மாட்டுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலை. மருந்து கொடுக்கிற டிரெசர் வீட்டம்மா இன்னும் ஒரு போத்தல் வேணும்னு சொல்லி விட்டிருக்காங்க. கணக்கெழுதற கிராணி வீட்டுல மட்டும் போன வாரக் காசு பாக்கி. கால்சட்டை போட்டவங்க வீட்டுக் காசுதான் மெதுவா வருது."

சிரித்தாள். ஒரு போத்தல் ஆறு காசு. விலை விழுந்த இந்த இரண்டு வருடமாக அந்தக் குடும்பம் கடைக்காரனுக்குப் பயப்படாமல் சாப்பிட்டது செவலையின் மடியால்தான்.

அடுப்புக்கு மேலே பலகையில் மூன்று டின்கள் இருக்கும். தகரப் பால் டின்கள். ஒன்று அரிசி டின். ஒன்று மருந்து டின். மூன்றாவது மழை டின். மழை பெய்தால் பாலுக்கு மரம் வெட்ட முடியாது. மரம் வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சில வாரம் மூன்று நாள்கூட வேலை இருக்காது. அந்த நாட்களுக்காக அவள் தினம் இரண்டு காசு, மூன்று காசு என்று போட்டு வைப்பாள். அந்த டின்னை யாரும் தொடக் கூடாது. அவளே தொட மாட்டாள். தோள்பட்டையில் கிழிந்த ரவிக்கையை ஒட்டுப் போட்டுத்தான் போட்டிருந்தாள்.

"இருசு" என்றான்.

"என்னங்க?"

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. முதல்ல இதைக் குடிங்க. இன்னிக்கு உங்களுக்குப் பால் கொஞ்சம் கூடவே ஊத்தியிருக்கேன்."

தேநீரைக் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். இன்னும் நாலு மணி நேரத்தில் பறிபோகப் போகிற மாட்டின் பால். ஒரு வாய் குடித்தான். குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

அப்போது லயத்து முனையில் ஒரு பெண் நொண்டிக்கொண்டு வருவது தெரிந்தது. செருப்பு கையில் இருந்தது.

"மதினி மாதிரி இருக்கே!" என்று இருசம்மாள் ஓடினாள்.

ராமாத்தாள்தான். பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, இரண்டு மைல் செம்மண் பாதையில் நடந்திருக்கிறாள். புதுச் செருப்பு கடித்து வலது குதிகால் தோல் உரிந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"இருசு, மாடு இருக்கா? கொண்டு போயிட்டானா?"

"எந்த மாடு? யாரு மதினி கொண்டு போறது?"

ராமாத்தாள் தம்பியைப் பார்த்தாள். அவன் குவளையைக் கீழே வைத்தான். அவன் இன்னும் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தபோது வார்த்தை வெளியே வந்துவிட்டிருந்தது.

"அடப் பாவி, சொல்லலையா நீ?"

செவலை தலையை ஆட்டி ஈயை விரட்டியது.

"எத்தனை?" என்று இருசம்மாள் கேட்டாள். குரல் உயரவில்லை.

"இருபத்தஞ்சு. திருப்பறது முப்பது."

"யாருகிட்ட?"

"அப்புசாமி."

"என்னிக்கு?"

"இன்னிக்கு. சாயங்காலம் வருவாரு."

அவள் குனிந்து, மாட்டின் முதுகில் மிச்சமிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள். ஒரு பக்கம் முழுக்க வழித்து முடித்தாள்.

"சீட்டுன்னு சொன்னீங்க."

அவன் தலை குனிந்தான்.

"சீட்டு நம்ம பேருக்கு விழுந்துச்சேன்னு அன்னிக்குப் போய் மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினேன். அவ சிரிச்சிருப்பா."

அவள் அழுதிருந்தால் அவன் தாங்கியிருப்பான். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பான். அம்மனுக்கு முன்னால் அவளைப் பொய்யோடு நிறுத்திவிட்டோமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"அவனைத் திட்டாதே இருசு. தப்பு என் வாயில இருக்கு." ராமாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் இருக்கும்போது, 'பதினொரு தட்டுக்குக் குறைஞ்சா வாசல்லயே நின்னுக்கோடா தம்பி'ன்னு சொன்னேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். என் நாத்தனாருங்க முன்னாடி பெருமையா இருக்கட்டுமேன்னு சொன்னேன். உங்க கூலி குறைஞ்சது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அக்கா, விடு."

"எப்படிடா விடறது? நேத்து அந்த அப்புசாமி எங்க தேத்தண்ணிக் கடைக்கு வந்தான். உங்க அத்தான்கிட்ட, 'வடிவேலு, நல்ல கறவை ஒண்ணு கைக்கு வருது, கடைக்கு வச்சுக்கிறியா? உன் மச்சினன் வீட்டு மாடுதான்'னு கேக்கறான். என் கையில இருந்த கிளாஸ் விழுந்து உடைஞ்சுது. கொண்டு வந்த மூணு தட்டுச் சர்க்கரைல எறும்பு தின்னது போக இன்னும் ரெண்டு பானை இருக்கு, இருசு. யாரு தின்னா அதை? யாரு கேட்டா?"

மடியை அவிழ்த்து ஒரு சிறு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே கொலுசு.

"மீனம்மாதான் கழட்டிக் கொடுத்தா. அப்பா கேட்டதும் அவளே கழட்டினா. இதை வச்சுப் பணம் புரட்டு."

மருதமுத்துவின் கண் அந்த முடிச்சில் போய் நின்றது. இருசம்மாள் அதை அப்படியே மூடி, நாத்தனாரின் மடியில் திரும்ப வைத்தாள்.

"தாய்மாமன் சீர் திரும்பி வரக் கூடாது மதினி. வந்தா அந்தப் பொண்ணுக்கு மாமன் இல்லைன்னு ஆயிடும். கடன் பட்டு வந்ததா இருந்தாலும் அது அவளோடது. அந்தக் கொலுசு சத்தத்தை நான் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"அப்ப மொய் வந்த பணம் பதினாலு வெள்ளி இருக்கு, அதை..."

"மொய்யும் கடன்தானே? நாளைக்கு அவங்கவங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க திருப்பணும்ல. ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டச் சொல்றீங்களா?"

இருசம்மாள் வீட்டுக்குள் போனாள். உள்ளே ஏதோ தகரம் உரசும் சத்தம் கேட்டது.

அப்புசாமி நாலரை மணிக்கு சைக்கிளில் வந்தார். கனத்த உடம்பு. தோளில் புதுக் கயிறு ஒரு சுருள். மாட்டைக் கொடுப்பவன் தன் கயிற்றோடு கொடுக்க மாட்டான். கொண்டுபோகிறவன்தான் புதுக் கயிறு கொண்டு வர வேண்டும். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் மருதமுத்து மாட்டுக்கு முன்னால் போய் நின்றான்.

"என்ன மருதமுத்து, சொன்ன நாள் வந்திருச்சு."

அவன் வாயைத் திறப்பதற்குள் இருசம்மாள் வெளியே வந்தாள். கையில் மழை டின். கொட்டகைப் பலகை மேல் கவிழ்த்தாள். ஒரு காசு, ஐந்து காசு, பத்துக் காசு என்று சில்லறை ஓடியது. உருண்டு ஓடிய ஒன்றை ராமாத்தாள் காலால் நிறுத்தினாள்.

"பதினோரு வெள்ளி இருக்கு அண்ணே. இவர் கையில நாலு. மொத்தம் பதினஞ்சு. மிச்சம் பதினஞ்சு மார்கழி முடியறதுக்குள்ள தர்றேன். பால் காசுல தர்றேன். மேல வட்டி கேக்காதீங்க."

மருதமுத்து திடுக்கிட்டான். "இருசு, அது மழைக்கு..."

"பதினோரு வெள்ளி சேர்ந்திருக்குன்னு நானும் உங்ககிட்ட சொல்லலை" என்றாள், அவனைப் பார்க்காமல். "சொன்னா சீருக்கு எடுத்துடுவீங்களோன்னு மறைச்சேன். சொல்லியிருந்தா நீங்க கடனுக்குப் போயிருக்க மாட்டீங்களோ என்னவோ. என் பங்கும் இருக்கு."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குற்றத்தில் பாதியை அவள் தூக்கிக்கொண்டது அவன் சுமையைக் குறைக்கவில்லை.

அப்புசாமி பணத்தைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மலாக்காவில் வேறு ஒருவனிடமும் விலை பேசி வைத்திருந்தார் போலும், தாடையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, நான் கோயில் நடத்தலை. வியாபாரம் பண்றேன்."

"தெரியும் அண்ணே."

"மார்கழி கடைசின்னா கடைசிதான். ஒரு நாள் தாண்டக் கூடாது." மருதமுத்து நீட்டிய நாலு வெள்ளியையும் சேர்த்துச் சில்லறையை எண்ணி மடியில் கட்டினார். எண்ணியதில் ஒரு வெள்ளி அளவுக்கு ஒதுக்கிப் பலகையிலேயே தள்ளினார். "இது புண்ணாக்குக்கு. கணக்குல பதினஞ்சுன்னே வச்சுக்கிறேன். மாடு இளைச்சா நட்டம் எனக்குலா. வேற ஒண்ணும் நினைச்சுக்காதே."

நடந்து போய்த் தோளிலிருந்த புதுக் கயிற்றைக் கொட்டகைத் தூணில் கட்டினார்.

"இது இங்கேயே இருக்கட்டும். முழுப்பணம் வந்தா வந்து அவிழ்த்துக்கிறேன். வரலைன்னா மாட்டோட அவிழ்த்துக்கிறேன்."

மருதமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதைவரை அவரோடு போனான். நன்றி சொல்ல நினைத்தான். எந்த முகத்தோடு சொல்வது?

அவன் திரும்பி வந்தபோது ராமாத்தாள் இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மதினி கிளம்பிட்டாங்க" என்றாள் இருசம்மாள். "ராத்திரி தங்குங்கன்னு சொன்னேன், மீனம்மா தனியா இருப்பான்னுட்டாங்க. குறுக்குப் பாதைல போனாங்க. ஒரு போத்தல் பால் கொடுத்து விட்டேன். காசு கொடுக்க வந்தாங்க, வாங்கலை."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவன் பின்வாசலில் நின்று கொட்டகைத் தூணைப் பார்த்தான். செவலையின் பழைய கயிறும் அந்தப் புதுக் கயிறும் ஒரே தூணில் கிடந்தன.

தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாமல் கொட்டியது.

லயத்தில் யாரோ சத்தமாகச் சொன்னார்கள்: "நாளைக்குப் பெரட்டு இல்லை!" மழை தொடங்கிவிட்டது. மழை டின் காலி.

இருசம்மாள் களைவதற்கு அரிசியை அள்ளினாள். வழக்கமாக மூன்று பிடி போடுகிறவள் மூன்றாவது பிடியில் பாதியைத் திரும்ப அரிசி டின்னிலேயே போட்டாள். அவன் பார்த்தான். அந்தப் பாதிப் பிடி அரிசி அவன் கண்ணில் நீரை வரவழைத்தது.

"இருசு, இனிமே கூலி வாங்கினா உன் கையில கொடுத்துட்டுத்தான் சட்டையைக் கழட்டுவேன். ஒரு காசா இருந்தாலும் உன்கிட்ட கேக்காம கடன் வாங்க மாட்டேன். அம்மன் மேல..."

"அம்மனை இழுக்காதீங்க. அவளுக்கு ஒரு பொய் ஏற்கெனவே பாக்கி இருக்கு." அவள் விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "அந்த டின்னை எடுத்து மேல வைங்க. சாய்ஞ்சு கிடந்தா பார்க்கப் பிடிக்கலை."

அவன் டின்னை எடுத்தான். உள்ளே ஏதோ குலுங்கியது.

கையை விட்டான். மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு. அவிழ்த்தால் முப்பது காசு.

"இது நீ போட்டதா?"

"எல்லாத்தையும்தான் கவிழ்த்தேனே!" அவள் அருகில் வந்து பார்த்தாள். "இந்தத் துணி மதினியோடது. இது மதினி ஊருக்குத் திரும்பற பஸ் காசு. 'பஸ்ஸு வேண்டாம் இருசு, ஷீட்டு லோரி போகும், சும்மா ஏறிக்கிறேன்'னு சொன்னாங்களே. போன தடவையும் அப்படித்தானே போனாங்க."

மருதமுத்துவுக்குக் காலையில் காதில் விழுந்தது இப்போதுதான் மனதில் விழுந்தது. செவ்வாய், சனி. இன்று வியாழன்.

"லோரி இல்லை இருசு. இனிமே வியாழக்கிழமை லோரி இல்லை!"

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். செம்மண் வழுக்கியது. இரண்டு மைல். அக்காள் புண்ணான காலோடு மழையில் நிற்பாள், வராத லோரிக்காக. எல்லாம் தன்னால். நடு வழியில் இரண்டு முறை விழுந்து எழுந்தான்.

சந்தியில் யாரும் இல்லை.

மைல் கல்லோடு சாய்த்து வைத்தாற்போல் மழைக்கு மறைவாகப் பால் போத்தல் மட்டும் நின்றது. வாய் கெட்டியாக மூடியிருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை.

இடது கைப்பக்கம் மலாக்கா ரோடு. வலது கைப்பக்கம் செலண்டார். அவன் குனிந்தான். ரோட்டோரச் சேற்றில் இன்னும் கரையாத காலடி தெரிந்தது. வெறுங்கால். வலது குதிகாலை ஊன்றாமல் விரலால் மட்டும் மிதித்துப் போன அடி.

அது மலாக்கா பக்கம் போகவில்லை. அப்புசாமி வீடு இருக்கும் பக்கம் போயிருந்தது.

பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்த இருசம்மாள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். தலையில் முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது. அவளும் அந்த அடியைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் பிடி இறுகியது.

"ஏங்க... அந்தக் கொலுசை நான் மதினி மடியிலதானே வச்சேன்?"

அவன் போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, செலண்டார் பக்கம் ஓடத் தொடங்கினான்.